கோலுக்கு ஓர் உறை

ஒரு பொருளுக்கு உறை தேடுவது பெரிய காரியமன்று என்றே நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். மூக்குக்கண்ணாடிக்குக் கூடும், வீணைக்குப் பெட்டியும், குடைக்குப் பையும் கடைகளில் விற்கின்றன; விலையைக் கொடுத்தால் கைக்கு வந்துவிடும். ஆயினும் சென்ற தை மாதத்தில் எம் இல்லத்தில் ஓர் உறையின் பொருட்டு மூன்று தலைமுறையினர் கூடி ஏறக்குறைய ஒரு மாதகாலம் வாதாட நேர்ந்தது. அவ்வாதத்திற்குக் காரணமாய் இருந்தது 4 அடி 9 அங்குல நீளமுள்ள ஒரு மரக்கோல். பில்லியட்ஸ் ஆடும் கோல்.

கிளிநொச்சியில் பில்லியட்ஸ் கோலா என்று நேயர்கள் நகைக்கக்கூடும். நகைப்பதில் தவறில்லை. நெல்லும் குளமும் மழையும் பேசப்படும் ஊர் இது. பச்சைக் கம்பளி விரித்த மேசையைப் படத்திலன்றி நேரிற் காணாதவர்களே இங்குப் பெரும்பாலோர். எம் மூத்த மகனுக்குக் கொழும்பில் உயர்கல்விக்கு இடம் கிடைத்த அன்று, "அப்பா, அப்பப்பாவின் கோலை நான் கொண்டு போகட்டே?" என்று அவன் கேட்டபோது நாமும் முதலில் நகைத்தோம். உள்ளறையிற் படுத்திருந்த எம் தந்தையார் நகைக்கவில்லை. "எதிலை வைச்சுக் கொண்டு போவாய்?" என்று மட்டும் கேட்டார்.

அக்கேள்வியின் கனத்தை அறிய அக்கோலின் கதையை அறிதல் வேண்டும்.

எம் தந்தையார் 1960களின் இறுதியில் எழுதுவினைஞராகக் கொழும்பு சென்றவர். அவர் பணிபுரிந்த இடத்தில் அலுவலருக்கென ஒரு மன்றமும், மன்றத்தில் ஒரு பழைய மேசையும் இருந்தன. தாயகம் திரும்பிய வெள்ளைக்காரத் தோட்டத்துரை ஒருவர் விற்ற தட்டுமுட்டுச் சாமான்களிடையே இக்கோலைக் கண்டு, மாதச் சம்பளத்திற் பாதியைக் கொடுத்து வாங்கினாராம். முன்பகுதி ஆஷ் என்னும் வெளிநாட்டு மரம். வெளிறிய நிறமும் நீண்ட வரிகளும் உடையது. கைப்பிடிப் பகுதி கருங்காலி. கருமையான நான்கு முனைகள் ஈட்டிபோல் வெளிறிய மரத்தினுட் செல்லும்படி இரண்டையும் இணைத்திருக்கிறார்கள். கருங்காலி எம் வன்னிக் காட்டு மரமன்றோ! இன்று அதைத் தறிப்பதற்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு. ஒரு காலத்தில் இலங்கைக் காடுகளிலிருந்து கப்பலேறிச் சென்ற மரம் சீமையில் கடைசல் பிடிக்கப்பட்டுக் கோலாகித் திரும்பி வந்ததோ என்னவோ என்று தந்தையார் வேடிக்கையாகக் கூறுவதுண்டு.

இவ்வாட்டமும் நம் பக்கத்து மண்ணுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. பில்லியட்சின் உடன்பிறப்பான ஸ்நூக்கர் 1875 ஆம் ஆண்டளவில் இந்தியாவின் ஜபல்பூரில், நெவில் சேம்பர்லேன் என்ற இளம் படை அதிகாரியாற் தோன்றிற்று என்பர். பின்னர் உதகமண்டலத்து மன்றத்தில் அதன் விதிகள் உருப்பெற்றன. 1958 இல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் என்ற இந்தியர் உலக அமெச்சூர் பில்லியட்ஸ் பட்டத்தை வென்றார். 1973 இல் பம்பாயில் நம் நாட்டவரான எம். ஜே. எம். லாபீர் அதே பட்டத்தைப் பெற்றார். அச்செய்தி வந்த மாலையில் மன்றத்தில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டு, எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்ததைத் தந்தையார் இன்றும் சொல்வார். சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருப்பார்.

1983 ஆடிக் கலவரத்தில் எம் வாடகை வீடு எரிந்தது. எமக்கு அப்போது 3 வயது. அகதிகளோடு கப்பலேறிக் காங்கேசன்துறை வந்து சேர்ந்தோம். வீட்டிலிருந்த யாவும் சாம்பராயின. கோல் மட்டும் மன்றத்தில் இருந்தமையால் தப்பியது. மறு ஆண்டு யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்திற்கு எம் தந்தையார் பெயருக்கு ஒரு நீண்ட பொதி வந்தது. சாக்கை அவிழ்த்தால் உள்ளே ஒரு முழு மூங்கில். மன்றத்தில் நாள்தோறும் தந்தையாருக்கு எதிராக ஆடிய சிங்கள நண்பர், மூங்கிலின் உட்கணுக்களை இரும்புக் கம்பியால் உடைத்து, குழலாக்கி, தம் பழைய பருத்திச் சாரத்தைக் கிழித்துக் கோலைச் சுற்றி, இரு முனைகளையும் மரக்கட்டையால் அடைத்து அனுப்பியிருந்தார். மூங்கிலை மூன்று வாரம் ஆற்றுநீரில் ஊறவைத்து, பின் நிழலில் உலர்த்தியதாகவும், அவ்வாறு செய்தால் வண்டு துளைக்காது என்றும் ஆங்கிலத்தில் ஒரு துண்டும் எழுதி வைத்திருந்தார். கலவரத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அதுவே கோலின் முதல் உறை.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்தபோது நாமும் நடந்தோம். அன்று அம்மூங்கிலின் ஒரு முனையைத் தந்தையாரும் மறுமுனையை நாமும் தோளில் தாங்க, இடையில் அரிசிப்பையும் கேத்தலும் உடுபுடைவை மூட்டையும் தொங்கின. உள்ளே கோல் இருப்பதை மழையில் நனைந்த அந்தக் கூட்டத்தில் யார் அறிவார்? உறையானது காவுதடியும் ஆயிற்று. அடுத்த ஆண்டு கிளாலிக் கடனீரேரியைப் படகிற் கடந்து வன்னிக்கு வந்தோம்.

2002 இல் ஏ-9 வீதி திறந்தது. கோலின் நுனித்தோல் தேய்ந்திருந்தமையால், கொழும்பு செல்வோர் கையிற் கொடுத்து மாற்றுவிக்கும் எண்ணத்துடன் தந்தையார் அதனை வவுனியாவில் தம் தங்கை வீட்டில் ஒப்படைத்தார். தோல் மாற்றப்பட்டது, கோலும் வவுனியாவுக்கு மீண்டது, இன்று நாளை என்று எடுக்காதிருக்க, 2006 இல் வீதி மூடப்பட்டது. பின்னர் நிகழ்ந்தவற்றை இவ்விடத்தில் விரிக்க வேண்டுவதில்லை. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியேறியபோது எம் கையில் இருந்தது 4 வயது மகன் ஒருவனே. செட்டிகுளத்து முகாமிலிருந்து விடுபட்டு மாமி வீட்டு வாசலை அடைந்தபோது, அவர் எம்மைக் கண்டு அழுது தீர்த்தபின், கட்டிலின் கீழிருந்து மூங்கிற் குழலை இழுத்து வெளியே வைத்தார். தந்தையார் அதன்மேற் கையை வைத்தபடி நெடுநேரம் இருந்தார்.

அம்மகனே இன்று கொழும்பு செல்கிறான். வாய் குறுகிய சோடாப் போத்தலைச் சாப்பாட்டு மேசைமேற் கிடத்தி, அதன் கழுத்தினுள் முட்டாமல் கோலை முன்னும் பின்னும் செலுத்தும் பயிற்சியை அப்பப்பா அவனுக்குப் பத்து வயதிலேயே கற்பித்திருந்தார். வவுனியாவில் ஒரு விளையாட்டுக் கூடத்துப் பூல் மேசையில் அவன் ஆடியும் பழகியிருந்தான்.

மூங்கிலோ முதுமை எய்திவிட்டது. நாற்பதாண்டுக்குப் பின் ஒரு முனை பிளந்து, பிளவினூடே விரல் நுழைகிறது. புதிய உறை வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எத்தகைய உறை என்பதிலேயே வாதம் பிறந்தது.

மகன் தன் கைத்தொலைபேசியிற் காட்டியவற்றையும், கொழும்பு சென்றிருந்தபோது கடைகளில் நாம் தொட்டுப் பார்த்தவற்றையும் வாசகர்க்கும் பயன்படுமென்று சுருங்கக் கூறுவோம். முதலாவது மென்துணிப் பை. தூசியைத் தடுக்கும், வேறொன்றையும் தடுக்காது. நெருக்கம் மிகுந்த பஸ்ஸில் ஒருவர் சாய்ந்தாற் போதும், கோலுக்குக் கேடு. இரண்டாவது, மரச்சட்டத்தின்மேல் ரெக்சின் ஒட்டிய பெட்டி. பார்வைக்கு அழகியது; ஆனால் வன்னி வெயிலில் ரெக்சின் எத்தனை நாள் உரியாதிருக்கும் என்பதை எம் பழைய மோட்டார்ச் சைக்கிளின் இருக்கையே சொல்லும். மூன்றாவது அலுமினியப் பெட்டி. மகன் மனங்கொண்டது இதனையே. உறுதியானதுதான், ஆயினும் இத்தகைய பெட்டியின் ஆயுள் தகட்டில் இல்லை, பிணைச்சலிலும் கொளுக்கியிலும் கைப்பிடியிலுமே இருக்கிறது. வாங்குபவர் வெளிப்பளபளப்பை விடுத்து, பாரத்தை உள்ளே வைத்துக் கைப்பிடியைப் பற்றித் தூக்கிப் பார்க்க வேண்டும். பத்துமுறை திறந்து மூட வேண்டும். மூடியபின் குலுக்கி, உள்ளே ஓசை எழுகின்றதா என்று செவிகொடுக்க வேண்டும். கோலின் நுனி பெட்டியின் சுவரில் முட்டலாகாது. உள்ளே ஒட்டிய ஸ்பொஞ்சு மலிவானதாயின் சில ஆண்டுகளில் வெப்பத்தாற் பொடிந்து பசையாகி மரத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனினும் துணியோ வெல்வெட்டோ நன்று.

இவற்றையெல்லாம் விடப் பெரிய இடர் ஒன்று இருந்தது. நாம் விரும்பிய பெட்டிகளெல்லாம் இரண்டாகக் கழற்றும் கோலுக்கென ஆக்கப்பட்டவை. 30 அங்குலத்தைச் சற்றே கடந்தவை. எம் கோலோ ஒரே துண்டு.

"அதுக்கென்ன அப்பா? நடுவிலை வெட்டிப் பித்தளைப் பூட்டுப் போடுற ஆக்கள் கொழும்பிலை இருக்கினம். பிறகு பஸ்ஸிலையும் சுகமாக் கொண்டு போகலாம்" என்றான் மகன்.

அவன் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. கைதேர்ந்தவர் பூட்டினால் ஆட்டம் கெடாது. பெரிய வீரர் பலர் பூட்டுக்கோலாலேயே ஆடுகின்றனர். ஆனால் எம் மனம் ஒப்பவில்லை. செருப்புக்காகக் காலைத் தறிப்பதா என்று சினந்து கூறினோம். அவனும் விடவில்லை. "கூரைக்குக் கீழை தொங்கவிட்டுப் பாத்துக்கொண்டிருக்கவோ கோல்?" என்றான். அவ்வினா எம்மைத் தைத்தது. காப்பாற்றுவதையே நோக்கமாகக் கொண்டு, ஆடுவதை நாம் மறந்துவிட்டோமோ? தந்தைக்கும் மகனுக்கும் இடையே இரண்டு நாள் பேச்சுக் குறைந்தது.

மூன்றாம் நாள் மாலை தந்தையார் எம் இருவரையும் அழைத்தார். கோலை மடியிற் கிடத்தியிருந்தார்.

"வெட்டினாலும் பிழையில்லைத் தம்பி. இது ஆடுறதுக்குச் செய்த சாமான். ஆனால் ஒண்டு சொல்லுறன். உறை பழுதாப் போனா வேறை உறை தேடலாம். வெட்டின கோலைப் பிறகு வெட்டாத கோலாக்கேலாது. அவசரமில்லாட்டி, முதல்லை நீளமான உறை ஒண்டு செய்து பாருங்கோவன்" என்றார். சற்றுப் பொறுத்து, "இதை உறையே காப்பாத்தினது? அந்த மனிசன் வைச்சிருந்து தந்தவன். தங்கச்சி வைச்சிருந்து தந்தவள். அவ்வளவுதான்" என்றார்.

மகன் தலைகுனிந்து நின்றான். பின்னர், "சரி அப்பப்பா, நீளமாவே கொண்டு போறன்" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளிநொச்சியில் ஒரு இரும்புக்கடைக்குச் சென்று, தண்ணீருக்குப் பதிக்கும் தடித்த பீ.வி.சி. குழாயில், 2 அங்குல அகலமுள்ளதாய் 5 அடித் துண்டொன்றை அறுப்பித்தோம். ஒரு முனைக்கு நிலையான மூடியைப் பசையிட்டு ஒட்டினோம். மறுமுனைக்குத் திருகும் புரிமூடி. இரு மூடிகளின் உள்ளேயும் கம்பளித் துணியை வட்டமாக வெட்டி வைத்தோம். பழைய பயணப்பை ஒன்றின் தோள்வாரை இரண்டு இடங்களில் இறுக்கினோம். மாரி மழைக்கும் பஸ் நெரிசலுக்கும் கறையானுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. அலுமினியப் பெட்டியின் விலையிற் சிறு பங்கும் செலவாகவில்லை.

ஆயினும் இவ்வுறைக்கும் குறை உண்டு. மழையை வெளியே நிறுத்துவது போலவே ஈரத்தை உள்ளேயும் அடைத்து வைக்கும். ஆகவே ஆட்டம் முடிந்ததும் கோலிலுள்ள வியர்வையையும் சோக்குத் தூளையும் உலர்ந்த துணியால் துடைத்தபின்னரே உள்ளே இட வேண்டும். தங்குமிடம் சேர்ந்ததும் மூடியைத் திறந்து காற்றாட விட வேண்டும். வெயிலில் நிற்கும் வண்டியினுள் ஒருபோதும் விட்டுவைக்கலாகாது. எல்லாவற்றிலும் முக்கியமானது, கோலைச் சுவரில் நெடுநேரம் சாய்த்து வைக்கலாகாது. சாய்ந்த கோல் நாளடைவில் வளையும். கிடத்தி வைத்தால் நேராகவே இருக்கும். இவை தந்தையார் பேரனுக்குக் கூறிய விதிகள். அவன் விரல்விட்டு ஒப்புவித்த பின்னரே அவரும் விட்டார்.

கோலை உள்ளே இடும் வேளையில் அதற்கு மேலுறையாக எதைச் சுற்றுவது என்ற கேள்வி எழுந்தது. எம் மனைவி ஒன்றும் பேசாமல் உள்ளே சென்று, மூங்கிற் குழலிலிருந்த பழைய சாரத்துணியைத் துவைத்து உலர்த்தி மடித்து வைத்திருந்ததைக் கொணர்ந்தார். கட்டங்கள் மங்கியிருந்தன, துணி இன்னும் இழைவிடவில்லை. தந்தையார் தம் கையாலேயே அதைச் சுற்றினார். மூங்கிற் குழல் இப்போது எம் முன்கூடத்தில், புத்தக அலுமாரியின்மேற் கிடக்கிறது. இவ்வாண்டு வாணி விழாவிற்குப் புத்தகங்களோடு அதனையும் வைப்பதென்று முடிவு செய்திருக்கிறோம்.

புறப்பட்ட அன்று கிளிநொச்சிப் புகையிரத நிலையத்தில், மகனின் தோளில் தொங்கிய குழாயைக் கண்ட முதியவர் ஒருவர், "தம்பி, கிணத்துக்குப் பைப்பே?" என்று கேட்டார். "இல்லை ஐயா, என்ரை அப்பப்பாவின்ரை கோல்" என்றான் அவன், சிறிதும் கூச்சமின்றி. வண்டி வந்தது. அவன் ஏறி, குழாயைப் பொதிகள் வைக்கும் மேற்தட்டில் நீளவாக்கில் வைத்து, தோள்வாரைக் கம்பியிற் கட்டினான். சாளரத்தினூடே எமக்குக் கைகாட்டினான்.

வீடு திரும்பினோம். படலை ஓசை கேட்டதும் தந்தையார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். பேரன் அழுதானா, சாப்பாட்டுப் பொதியை மறவாது கொண்டு போனானா என்று கேட்பாரென எதிர்பார்த்தோம்.

"சாய்ச்சு வைக்கேல்லைத்தானே?" என்றார்.

"இல்லை அப்பா, கிடத்தித்தான் வைச்சவன்" என்றோம்.

அவர் மறுபடியும் படுத்துக்கொண்டார்.