கீழக்குயில்குடியில் யாருக்கு வீடு?

மதுரை பெரியார் பஸ் நிலையத்திலிருந்து தேனி ரோட்டில் போகும் டவுன் பஸ், நாகமலைப் புதுக்கோட்டையில் என்னை இறக்கிவிட்டபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அங்கிருந்து கீழக்குயில்குடிக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோக்காரர் கூப்பிட்டார், நான் ஏறவில்லை. ஏழைகளுக்கான அரசு வீடு யாருக்குக் கிடைக்கிறது, கிடைக்காதவர் எவ்வளவு வாடகை கொடுக்கிறார் என்று பார்க்கத்தான் வந்திருந்தேன். அதற்கு, திட்டத்தின் பெயர் எழுதிய வீட்டுச் சுவர்களைப் படித்துக்கொண்டே நடக்க வேண்டும்.

டீக்கடையில் டீ பதினைந்து ரூபாய். வாடகை விவரத்தைக் கடைக்காரர் காசு வாங்காமல் சொன்னார். கல்லூரியும் காமராசர் பல்கலைக்கழகமும் பக்கத்தில் இருப்பதால் மெயின் ரோட்டை ஒட்டி ஒத்த ரூமே நாலாயிரமாம். அட்வான்ஸ் தனி. "மலைக்கிட்ட போனா மூவாயிரத்துக்கும் கெடைக்கும்ணே. ஆனா தண்ணியக் கொடத்துல சொமக்கணும்." குடிசை வீடுகள் எந்தப் பக்கம் என்று கேட்டேன். சிரித்தார். "இங்கிட்டு யாருண்ணே குடிசைல இருக்கா? எல்லாம் தார்சு வீடு."

கான்கிரீட் கூரை போட்ட தார்சு வீடுகள்தான் நிறைய. ஆனால் ஊருக்குள் நுழைந்து இரண்டாவது சந்தில் திரும்பியதுமே நீலத் தார்ப்பாய் போர்த்திய கூரை ஒன்று தெரிந்தது. பாய் பறக்காமல் இருக்க மேலே பழைய டயர்களும் ஒரு உடைந்த அம்மியும் வைத்திருந்தார்கள். அடியில் கிடுகு மக்கிப் போயிருந்தது. வாசலிலிருந்து பின்சுவர்வரை ஏழு எட்டு வைத்தால் முடிந்தது. அதே சந்தில் அப்படி இன்னும் இரண்டு. டீக்கடையிலிருந்து இதெல்லாம் கண்ணில் படாது.

சுவர்களுக்கு வருகிறேன். ஒரு வீட்டின் மாடியில் சோலார் தகடு. 2011-ல் அறிவித்த பசுமை வீடு திட்டத்தில் முந்நூறு சதுர அடி வீட்டோடு சூரிய விளக்குகளும் கொடுத்தார்கள். இந்தத் தகட்டில் வயரைக் காணோம், வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. நாலு வீடு தள்ளி பிரதமர் குடியிருப்புத் திட்டம் என்று எழுதிய சுவர். அந்தத் திட்டத்தில் சமவெளிக்கு 1.20 லட்சம், அதில் மத்திய அரசு அறுபது பங்கு, மாநிலம் நாற்பது. கான்கிரீட் கூரைக்கென்று தமிழக அரசு மேலும் 1.20 லட்சம் தருகிறது. கழிப்பறைக்கு 12,000, அதுபோக நூறு நாள் வேலைக் கணக்கில் 90 நாள் கூலியும் சேர்த்திருந்தார்கள். இவ்வளவையும் கூட்டினாலும் இன்றைய கம்பி, சிமெண்டு விலைக்கு வீடு முடியாது என்று எந்தக் கொத்தனாரும் சொல்வார்.

தெருக்கோடியில் சன்னல் மட்டம்வரை எழும்பிய சுவர்கள் நின்றன. கலைஞரின் கனவு இல்லம். 2030-க்குள் எட்டு லட்சம் வீடு என்று 2024 பிப்ரவரி தமிழக பட்ஜெட்டில் அறிவித்த திட்டம். வீட்டுக்கு 3.50 லட்சம், 360 சதுர அடி. குடிசையில் குடியிருக்க வேண்டும், இடத்துக்குப் பட்டா இருக்க வேண்டும். வீட்டுக்கார அம்மா செங்கலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். குடிசையைப் பிரித்த இடத்தில்தான் கட்டுமானம். அதுவரை எங்கே இருக்கிறீர்கள் என்றேன். எதிர்த் தெருவைக் காட்டினார். "ஒத்த ரூம்பு, மூவாயிரம். அஞ்சு மாசமாகுது." அரசுத் தொகை ஒவ்வொரு கட்டமாகக் கட்டி முடிக்க முடிக்கத்தான் வரும். இடையில் குழுக் கடன், அடகுக் கடன், அவற்றோடு இந்த வாடகை. வீடு கிடைத்தவரும் வாடகைக் கணக்கிலிருந்து தப்பவில்லை. இதை நான் எந்த அரசாணையிலும் படித்திருக்க மாட்டேன், செங்கலுக்குப் பக்கத்தில் நின்றதால் தெரிந்தது.

கொஞ்சம் நிழலுக்காகச் சமணர் மலையடிவாரத்துக்கு நடந்தேன். தாமரைக் குளம், அய்யனார் கோயில், ஆலமரம், காரில் வந்து படமெடுத்துக்கொண்டிருந்த குடும்பங்கள். மேலே செட்டிப்புடவுக் குகையில் ஆயிரம் வருஷமாகத் தீர்த்தங்கரர் பட்டா கேட்காமல் பாறைக்கடியில் உட்கார்ந்திருக்கிறார்.

கோயிலிலிருந்து திரும்பும் வழியில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். மூன்று வாசல் உள்ள ஒரு லைன் வீட்டில் நடு வாசல் அவருடையது. பத்துக்குப் பன்னிரண்டு அறை, அதற்குள்ளேயே அடுப்பு, மூலையில் பீரோ. கழிப்பறை மூன்று குடும்பத்துக்கும் பொது. வாடகை 3,500, கரண்ட்டுக்குத் தனி மீட்டர். கணவர் கட்டட வேலைக்குப் போகிறார், நாளுக்கு 800. வாசல்படியிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வேலை நன்றாக ஓடும் மாதம் பதினைந்து நாள், 12,000. வாடகை அதில் 29 சதவீதம். அடைமழைக்கு ஆறு நாள்தான் வேலை, 4,800. அப்போது வாடகை மட்டும் 73 சதவீதம்.

அமெரிக்காவில் வாடகை உதவி பெறும் ஏழைக் குடும்பம் தன் வருமானத்தில் 30 சதவீதம் கட்டினால் போதும், மிச்சத்தை அரசு பார்த்துக்கொள்ளும் என்று ஒரு கணக்கு உண்டு. 1969-ல் செனட்டர் எட்வர்ட் புரூக் கொண்டுவந்த திருத்தத்தில் அது 25-ஆக இருந்தது, 1981-ல் 30 ஆனது. அந்தக் கோலால் அளந்தால் இந்த அம்மா ஆனியில் உதவி தேவைப்படாதவர், ஐப்பசியில் தேவைப்படுபவர். இ-சேவை மையத்தில் அறுபது ரூபாய் கட்டி வாங்கும் வருமானச் சான்றில் ஐப்பசியும் ஆனியும் தெரியாது, ஆண்டுக்கு ஒரே எண்.

இத்தனைக்கும் வருமானம் இவரை எங்கேயும் தடுக்கவில்லை. பிரதமர் குடியிருப்பின் ஊரகத் திட்டத்தில் மாதம் 10,000 என்றிருந்த வரம்பை 2024-ல் 15,000-ஆக உயர்த்திவிட்டார்கள். பைக்கோ பிரிட்ஜோ இருந்தால் பெயரை அடிக்கும் விதியும் அப்போதே போயிற்று. நகர்ப்புற வீட்டுக்கு ஆண்டு வருமானம் 3 லட்சம்வரை இருக்கலாம். இவர்களை வெளியே தள்ளுவது தலைக்கு மேலிருக்கும் கூரை. அது கான்கிரீட், அதனால் இவர்கள் குடிசைவாசி இல்லை. அது வேறொருவருடையது, அதனால் பட்டாவும் இல்லை. நகர்ப்புறத் திட்டத்தின் 2024 பதிப்பில் வாடகைக் குடியிருப்புக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. ஊரகத் திட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. கிராமத்தில் வாடகைக்கு இருப்பவர் என்று ஒருவர் உண்டு என்பதையே அந்தக் காகிதம் யோசித்ததாகத் தெரியவில்லை.

நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் ராஜாக்கூர் அடுக்குமாடி வீடுகளைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது. மதுரையின் அந்தக் கடைசி. "அங்கிட்டுப் போனா இவருக்குக் காலைல வேலைக்கு நிக்கவே முடியாதுண்ணே." அதோடு பயனாளி பங்குத் தொகையை யார் புரட்டுவது என்றார்.

ரேஷன் கார்டு எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டேன். உசிலம்பட்டிப் பக்கம் மாமனார் ஊரில். அங்கே ஓட்டை ஓலை வீடு ஒன்று, ரெண்டு சென்ட், நத்தம் பட்டா மாமனார் பேரில். கிழவர் இன்னும் அதில்தான் படுத்திருக்கிறார். அப்படியானால் அங்கே வழி இருக்கிறது, கிராம சபையில் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள் என்றேன். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு சபை.

அவர் விரல் விட்டு எண்ணினார். ஆகஸ்ட் 15-க்கு எப்படியும் சைட் லீவு, கூலி போகாது, அன்றைக்கே போய்விடலாம் என்றார். ஆனால் மாமனார் எழுதிக் கொடுப்பாரா என்றுதான் தெரியவில்லை. கொழுந்தன் ஒருத்தர் திருப்பூரில் இருக்கிறாராம், அவருக்கும் அந்த ரெண்டு சென்ட்டில்தான் பாகம்.