சீசன் முடிஞ்ச பிறகு

மைன்கிராஃப்ட் ஆடினவங்க எல்லாருக்கும் ஆக்ஸலாட்டில் தெரியும். அதோட தூரத்துச் சொந்தம் ஒண்ணு ஸ்லோவேனியாவில் போஸ்டோய்னா குகைக்குள்ளே இருக்கு. பேர் ஓல்ம். கண் இருக்கு, ஆனா தோல் மூடிடுச்சு. வருஷக்கணக்கா சாப்பிடாமலே கிடக்கும். போன செமஸ்டர் எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி (நீங்களும் அப்படித்தானே?) அந்த வீடியோவைப் பார்த்துட்டு, நம்ம ஊர்ல இப்படி ஏதாவது இருக்கான்னு தேடினேன்.

சாலமாண்டர் தமிழ்நாட்டில் கிடையாது. டார்ஜிலிங், வடகிழக்குப் பக்கம் போகணும். ஆனா மண்ணுக்குள்ளேயே வாழற ஒரு தவளை கிடைச்சது. ஊதா நிறம், உப்பின உடம்பு, பன்றி மாதிரி மூக்கு. அழகுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. கரையானைத் தின்னுகிட்டு வருஷம் முழுக்க மண்ணுக்கடியில் இருக்கும். இனப்பெருக்கத்துக்கு மட்டும் மழையில் சில நாள் மேலே வரும். 1918லயே இதோட தலைப்பிரட்டையை விவரிச்சு எழுதிட்டாங்க. வளர்ந்த தவளைக்கு 2003லதான் பிஜுவும் பிராங்கி போஸ்யூட்டும் இடுக்கியில் பேர் வச்சாங்க. குழந்தையைப் பார்த்த 85 வருஷம் கழிச்சு அம்மா அப்பாவைக் கண்டுபிடிச்ச கதை. இதோட நெருங்கின சொந்தம் கடலுக்கு அந்தப் பக்கம், செஷெல்ஸ் தீவுகளில் இருக்கு.

அது கேரளாக்காரன். நான் எழுதறது அதோட தம்பியைப் பத்தி. 2017ல ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மலையில் கிடைச்ச தவளையைத் தனி இனம்னு அறிவிச்சாங்க. தென்காசியிலிருந்து பஸ்ஸில் ரெண்டு மணி நேரம்தான். பேர் நாசிகாபட்ராகஸ் பூபதி. கோயம்புத்தூர் சாகான் நிறுவனத்தில் பாம்பு, ஊர்வன ஆராய்ச்சி செய்த எஸ். பூபதி, 2014ல அகத்தியமலையில் களப்பணியில் இருக்கும்போது இறந்துபோனார். அவர் நினைவா வச்ச பேர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அடுத்த விஷயம். இடுக்கித் தவளை மே முதல் ஆகஸ்ட் வரை, தென்மேற்குப் பருவமழையில் முட்டையிடும். பூபதி தவளை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, நம்ம ஐப்பசி, கார்த்திகை மழையில். மழை மாறினதாலதான் இனமே ரெண்டாப் பிரிஞ்சிருக்கும்னு ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறாங்க.

எங்க வீட்டுக்கும் ரெண்டு மழை உண்டு. குற்றாலத்துக்காரங்களுக்கு ஆனி, ஆடிச் சாரல்தான் 'சீசன்'. மெயின் அருவிக்குப் போற வழியில் அப்பாவுக்குச் சின்னக் கடை: துண்டு, தேங்காய் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பாக்கெட். என் இங்கிலீஷ் மீடியம் ஃபீஸ் முழுக்க அந்த மூணு மாசத்தில்தான் வந்தது. ஐப்பசி மழையில் அருவியில் வெள்ளம் வந்தா குளிக்க விடமாட்டாங்க, கடையையும் அடைச்சிருவோம். எனக்கு அது ஒண்ணும் இல்லாத மாசம்.

இந்தத் தவளையோட தலைப்பிரட்டைக்கு வாய் உறிஞ்சி மாதிரி. பாய்ஞ்சு வர்ற தண்ணிக்கடியில் பாறையைக் கவ்விப் பிடிச்சுக்கிட்டே வளரும். அதைப் படிச்சதும் எனக்கு ஞாபகம் வந்தது எங்க பாறைதான். சோப்பு, ஷாம்பு போடக் கூடாதுன்னு போர்டு வச்ச பிறகும், "அண்ணாச்சி, ஒரே ஒரு பாக்கெட்"னு கேட்டு வர்றவங்களுக்கு நானே எடுத்துக் கொடுத்திருக்கேன். பூபதி தவளை குற்றாலத்தில் இருக்குன்னு நான் சொல்லலை. ஆனா எந்தத் தவளைக்கும் தோலும் ஒரு மூச்சுக்குழாய் மாதிரிதான். நான் வித்த நுரையெல்லாம் சிற்றாத்தில்தான் போச்சு.

தீபாவளிக்குப் போனப்ப அப்பாகிட்ட போட்டோவைக் காட்டினேன். "இது என்னலே, மூஞ்சூறா?"ன்னார். கதையெல்லாம் சொல்லி, ஷாம்புக்கு வந்தேன். சிரிப்பு நின்னுபோச்சு.

"நான் விக்காட்டி பக்கத்துக் கடைக்காரன் விப்பான். ஒன் ஃபீஸை எதுலலே கெட்டுனேன்?"

பதில் இல்லை. ஜூலையில் நான் பெங்களூரு போய் வேலையில் சேர்றேன். அப்ப இங்கே சீசன் நடந்துகிட்டு இருக்கும். முதல் சம்பளம் வந்ததும் அந்த ஷாம்பு அட்டையைக் கழட்டச் சொல்லணும்னு இருக்கேன். அதில் வர்ற லாபத்தை மாசாமாசம் நான் அனுப்பிடறேன்னு சொன்னா அவருக்குக் கோபம் வரும். எப்படிச் சொல்றதுன்னுதான் யோசிக்கிறேன்.

அன்னிக்கு ராத்திரி நல்ல மழை. கொல்லைப்பக்கம் தவளைங்க விடாம கத்திச்சு. எல்லாம் சாதாரணத் தவளைதான். அப்பா கட்டில்லேர்ந்து, "ஏலே, அந்தப் பன்னி மூக்கு எப்படிலே கத்தும்?"னு கேட்டார். மொபைலைத் தேடி எழுந்தேன்.