கல்லில் இருக்கும் முகவரி

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனால் அண்ணாந்துதான் பார்க்கத் தோன்றும். இருநூறு அடியைத் தாண்டி எழும் விமானம் கண்ணைக் கீழே இறங்க விடாது. சின்ன வயதிலிருந்து நானும் அப்படியே பார்த்து வந்தேன். ஒருமுறை முழங்கால் வலி தாங்காமல் அம்மா பிராகாரத்தில் உட்கார்ந்துவிட்டார். துணைக்கு உட்கார்ந்தபோது எதிரே அதிட்டானம் என்னும் அடித்தளம் நெடுக எழுத்து ஓடுவதைக் கண்டேன்.

புள்ளி வைக்காத பழைய தமிழ். க, த, ப என்று உதிரியாகச் சில எழுத்துகளே பிடிபட்டன. என் மொழி என் எதிரே இருந்தும் படிக்க முடியாதது மனத்தை அறுத்தது. ஊர் திரும்பியதும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியைத் தேடிப் படித்தேன்.

தான் கொடுத்தது, அக்கன் குந்தவை கொடுத்தது, தேவியர் கொடுத்தது, மற்றவர் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொல்கிறான் கோயிலைக் கட்டிய இராசராசன். பொன்னும் நகையும் பக்கம் பக்கமாக வருகின்றன. நான் நின்றுபோனது தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலைச் சேர்ந்த ஆடல் மகளிரின், பட்டியலில். சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து வரவழைத்துக் குடியேற்றப்பட்ட சுமார் 400 பெண்கள். யார், எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாம் வீடு என்பதுவரை இருக்கிறது. தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு: நக்கன் சேரமங்கை. ஆளுக்கு ஒரு பங்கு, அதாவது நூறு கலம் நெல் தரும் ஒரு வேலி நிலத்தின் வருவாய். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒருத்தியின் வீட்டு முகவரி! அவள் விரும்பி வந்தாளா, விட்டுவந்த ஊரை நினைத்து அழுதாளா என்பதைக் கல் சொல்லவில்லை. அந்த மௌனத்தையும் சேர்த்தே படிக்கிறேன்.

அதன்பின் ஊரையே வேறுவிதமாகச் சுற்றுகிறேன். கோட்டை மதில் பெரும்பாலும் போய்விட்டது. கீழவாசல், மேல அலங்கம், வடக்கு அலங்கம் என்று தெருக்களின் பெயரில் அது மிச்சமிருக்கிறது; அலங்கம் என்றால் கோட்டை மதில். தஞ்சையை ஆண்ட மராத்திய அரசர் இரண்டாம் சரபோசி 1803இல் தன் போசல வம்ச வரலாற்றை மராத்தியில் வெட்டிவைத்ததும் இதே பெரிய கோயில் சுவரில்தான். அவர் வளர்த்த சரசுவதி மகால் நூலகம் அரண்மனை வளாகத்தில் இருக்கிறது. அங்கே அரியணைகளைவிட எனக்கு முக்கியமாகப் படுபவை, அவர் காலத்துக் கண் நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகள். கண்ணின் நிலையை வண்ணத்தில் வரைந்தே வைத்திருக்கிறார்கள். அரசன் பெயர் எப்படியும் நிலைத்துவிடும். நோயாளியின் கண் ஏட்டில் நிலைப்பது அபூர்வம்.

தஞ்சைக்குப் போகும் உறவினர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கும்பகோணம், தாராசுரம் என்று ஒரே நாளில் ஓடாதீர்கள். காலையிலேயே போங்கள், சாய்ந்து விழும் வெயிலில் வெட்டெழுத்தின் பள்ளம் நன்றாகத் தெரியும். பிள்ளைகளுக்கு முதலில் 'க'வைக் காட்டுங்கள். இன்றைய எழுத்துக்கு மிக நெருங்கியது அது, அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.