மூணு காகிதம், ஆறு பாயிண்ட்

இங்கிலாந்துல பழைய கார் வாங்குறது கிட்டத்தட்ட கத்தரிக்கா வாங்குற மாதிரிதான். காலையில விளம்பரம் பார்த்து, மத்தியானம் போய் டயரை ரெண்டு உதை உதைச்சு, பேரம் பேசி, சாயங்காலம் சாவியோட வீட்டுக்கு வந்துடலாம். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல்ல நிக்க வேண்டாம், ஏஜெண்டு வேண்டாம், ஃபார்ம் 29, ஃபார்ம் 30 எதுவும் கிடையாது. இந்த சுலபத்துலதான் நம்மாளுங்க நிறைய பேர் வழுக்கி விழறாங்க.

நம்ம ஊர்ல பழகினதே வேற. சொந்தக் கார்னா ஷோரூம்லயே ஆயுட்கால வரியைக் கட்டிடுவோம். பதினஞ்சு வருஷத்துக்கு எஃப்.சி. கவலை இல்லை. இன்சூரன்ஸ் ஒண்ணுதான் வருஷா வருஷம், அதையும் ஷோரூம்காரரே போன் போட்டு ஞாபகப்படுத்துவார். இங்கே மூணும் தனித்தனி. மூணுக்கும் தனித்தனி தேதி, தனித்தனி தண்டனை. மூணும் கம்ப்யூட்டர்ல இருக்கு. ரோட்டோரம் கம்பத்துலயும் போலீஸ் வண்டியிலயும் இருக்கிற ஏ.என்.பி.ஆர். கேமரா நம்பர் பிளேட்டைப் படிச்சு, இந்த வண்டிக்கு வரி இல்லை, இன்சூரன்ஸ் இல்லைன்னு உடனே சொல்லிடும். "சார், வீட்ல இருக்கு, நாளைக்குக் கொண்டாந்து காட்டுறேன்" வசனத்துக்கு இங்கே மவுசு கம்மி.

முதல்ல எம்.ஓ.டி. மினிஸ்ட்ரி ஆஃப் டிரான்ஸ்போர்ட்ங்கிறதோட சுருக்கம். அந்தப் பேர்ல அமைச்சகமே இப்போ இல்லை, பரிசோதனைக்கு மட்டும் பேர் ஒட்டிக்கிச்சு. 1960ல எர்னஸ்ட் மார்ப்பிள்ஸ் போக்குவரத்து அமைச்சரா இருந்தப்ப பத்து வருஷப் பழைய வண்டிகளுக்கு மட்டும்னு ஆரம்பிச்சது. 1967ல மூணு வருஷம் ஆன வண்டிக்கெல்லாம் கட்டாயம்னு ஆக்கிட்டாங்க. வடக்கு அயர்லாந்துல மட்டும் நாலு வருஷம். காருக்கு கராஜ்காரர் அதிகபட்சம் 54 பவுண்டு 85 பென்ஸ்தான் வாங்கலாம். எம்.ஓ.டி. இல்லாம ஓட்டினா கோர்ட்டுல ஆயிரம் பவுண்டு வரை அபராதம், ஆனா லைசென்ஸ்ல பாயிண்ட் ஏறாது. முன்கூட்டியே பதிவு பண்ணிட்டு பரிசோதனைக்கே வண்டியை ஓட்டிட்டுப் போனா மட்டும் விதிவிலக்கு.

இதுல பலருக்குத் தெரியாத ஒரு கிடுக்கிப்பிடி இருக்கு. 2018 மே மாசத்துலேர்ந்து குறைகளை ஆபத்தானது, பெரியது, சின்னதுன்னு பிரிக்கிறாங்க. ஆபத்தானதுன்னு எழுதிட்டா, பழைய எம்.ஓ.டி. இன்னும் மூணு வாரம் பாக்கி இருந்தாலும் வண்டியை அங்கேயிருந்து ஓட்டிட்டு வரக்கூடாது. மீறினா 2,500 பவுண்டு வரை அபராதமும் மூணு பாயிண்ட்டும். வழுக்கை டயருக்கும் இதே கணக்குதான், அதுவும் ஒரு டயருக்கு இவ்வளவு. நாலும் வழுக்கைன்னா நீங்களே பெருக்கிக்குங்க.

எங்க ஏரியாவுல கராஜ் வச்சிருக்கிற யாழ்ப்பாணத்து அண்ணை ஒருத்தர் இருக்கார். நம்ம ஆள்தானேன்னு உரிமையோட "கொஞ்சம் பாத்து பாஸ் போட்டுக் குடுங்கண்ணே"ன்னு கேக்குறவங்களுக்கு அவர் வச்சிருக்கிற பதில்: "தம்பி, நான் பாஸ் எண்டு அடிச்சா அடுத்த நிமிசமே உலகம் முழுக்கப் பாக்கலாம். நாளைக்கு உம்மட பிரேக் வேலை செய்யேல்லை எண்டா, முதல்ல என்னட்டத்தான் வருவாங்கள்." உலகம் முழுக்கங்கிறது மிகையில்லை. வண்டி நம்பரைத் தட்டினா எந்த வருஷம் எதுல ஃபெயில் ஆச்சுங்கிற ஜாதகமே இணையத்துல இலவசமா வரும். கார் வாங்கப் போறவங்க மாப்பிள்ளை ஜாதகத்தை விட்டாலும் இதை விடக்கூடாது :-)

அடுத்தது வரி. 1921லேர்ந்து காரோட முன்கண்ணாடியில வட்டமா ஒரு காகிதம் ஒட்டியிருக்கும், டாக்ஸ் டிஸ்க். 2014 அக்டோபர் 1ஆம் தேதியோட அதை ஒழிச்சுட்டாங்க. அது கூடவே இன்னொண்ணும் போச்சு. முன்னே ஆறு மாச வரி மீதியிருக்கிற காரை வாங்கினா வரியும் காரோட வந்துடும். இப்போ வராது. விக்கிறவர் டி.வி.எல்.ஏ.வுக்குத் தகவல் சொன்ன உடனே மீதி மாசங்களுக்கு அவருக்குப் பணம் திரும்பிப் போயிடும். வாங்கினவர் சாவி வாங்கின கையோட புதுசா வரி கட்டணும், வீட்டுக்கு ஓட்டிட்டு வர்றதுக்கு முன்னாடியே. இன்னிக்கும் காரை விக்கிறவங்கள்ல சிலர் பழைய ஞாபகத்துல "டாக்ஸ் இருக்கு, கவலைப்படாதே"ன்னு சொல்றாங்க.

அப்படித்தான் சொன்னாங்க, எனக்குத் தெரிஞ்ச தென்காசிப் பக்கத்துத் தம்பி ஒருத்தருக்கும்.

அவரைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். மனைவி இங்கே ஆஸ்பத்திரியில நர்ஸ். தம்பி டிபெண்டெண்ட் விசாவுல வந்தவர். ஊர்ல எட்டு வருஷம் கார் ஓட்டினவர்தான். இந்திய லைசென்ஸ் இங்கே குடியேறி 12 மாசம் வரைக்கும்தான் செல்லும், அப்புறம் எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு ரெண்டும் எழுதணும். அதைத் தெரிஞ்சு முறையாப் படிச்சு, ரெண்டாவது தடவையில பாஸ் பண்ணி, 1,100 பவுண்டுக்கு ஒரு சின்னக் கார் வாங்கினார். மனைவிக்கு விடிகாலை ஷிப்டு. ஆஸ்பத்திரி 14 மைல். பகல்ல பிள்ளையைப் பாத்துக்குவார், சாயங்காலம் ஒரு டேக்அவே கடைக்கு சாப்பாடு டெலிவரி. கஷ்டப்பட்டு உழைக்கிற குடும்பம்.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி போலீஸ் வண்டி பின்னாடி வந்து நீல விளக்கைப் போட்டுச்சு. காரணம் வரி. பையன் ஆடிப்போயிட்டார், ஆனா அதோட முடிஞ்சிருந்தா பரவாயில்லை. போலீஸ்காரம்மா டார்ச் அடிச்சு பின் சீட்டைப் பார்த்தாங்க. சூடு ஆறாம வைக்கிற பெரிய பை, உள்ளே ரெண்டு பிரியாணி, ஒரு நான். "டெலிவரியா?" "ஆமாம் மேடம்." உண்மையைத்தான் சொன்னார். உடனே இன்சூரன்ஸை விசாரிச்சாங்க. இவர் வச்சிருந்தது 'சோஷியல், டொமஸ்டிக் அண்ட் பிளஷர்'. சொந்தபந்தம் பார்க்க, கடைகண்ணிக்குப் போக மட்டும். கூலிக்கு சாப்பாடு கொண்டு போறதுக்கு அந்தப் பாலிசி கிடையாது. அந்தப் பயணத்துக்கு அவர் இன்சூரன்ஸ் இல்லாத ஆள்.

"அண்ணே, மாசம் மாசம் தொண்ணூறு பவுண்டு கட்டுறேண்ணே, எப்படிண்ணே இல்லைங்கிறாங்க?" ராத்திரி பதினோரு மணிக்கு போன்ல கேட்டார். ரோட்டோரம் நின்னுக்கிட்டு, கையில அந்தப் பையோட. கார் அதுக்குள்ள லாரி மேல ஏறிடுச்சு.

சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1988, பிரிவு 143. இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டக்கூடாது, அவ்வளவுதான். தெரிஞ்சு செஞ்சியா, தெரியாம செஞ்சியாங்கிற கேள்வியே இல்லை. அந்த இடத்துலயே கொடுத்தா 300 பவுண்டும் 6 பாயிண்ட்டும். கோர்ட்டுக்குப் போனா அபராதத்துக்கு உச்சவரம்பு கிடையாது (2015க்கு முன்னாடி ஐயாயிரம்னு ஒரு எல்லை இருந்துச்சு), லைசென்ஸைத் தடை செய்யவும் செய்யலாம். காரைத் தூக்கிட்டுப் போற அதிகாரம் 165ஏ பிரிவுல இருக்கு, 2005ல சேர்த்தது. தூக்கின கூலி 192 பவுண்டு, நிறுத்தி வச்ச வாடகை நாளைக்கு 26. 14 நாள்ல எடுக்கலைன்னா வித்துடுவாங்க, இல்லை நசுக்கிடுவாங்க. எடுக்கப் போறதுக்கும் இன்சூரன்ஸ் வேணும். அதுலயும் வேடிக்கை, சாதாரணப் பாலிசி நிறைய பேருது போலீஸ் யார்டுலேர்ந்து எடுக்குறதுக்குச் செல்லாதுன்னு சின்ன எழுத்துல போட்டிருக்கும். அதுக்குன்னே தனியா ஒரு பாலிசி விக்கிறாங்க, யானை விலை. நானும் கூடப் போய் நாலாம் நாள் எடுத்துட்டு வந்தோம்.

இதெல்லாம் காசு. போனா சம்பாதிக்கலாம். தம்பியைச் சாய்ச்சது அந்த ஆறு பாயிண்ட்.

மத்தவங்களுக்கு மூணு வருஷத்துல 12 பாயிண்ட் சேர்ந்தாத்தான் தடை. ஆனா புது ஓட்டுனர்களுக்கு 1995ல ஒரு தனிச் சட்டம் வந்து 1997 ஜூன்லேர்ந்து அமல்ல இருக்கு. தேர்வு பாஸான ரெண்டு வருஷத்துக்குள்ள ஆறு பாயிண்ட் வந்தா லைசென்ஸ் ரத்து. அதுக்குத் தனி விசாரணை கிடையாது, டி.வி.எல்.ஏ.விலேர்ந்து ஒரு கடிதம், அவ்வளவுதான். திரும்ப 'எல்' போர்டு மாட்டிக்கிட்டு எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு ரெண்டும் முதல்லேர்ந்து எழுதணும். இன்சூரன்ஸ் இல்லாத ஒரே ஒரு தடவைக்குக் குறைந்தபட்சமே ஆறுதான். அதாவது புதுசாப் பாஸ் பண்ணினவருக்கு முதல் தப்பே கடைசித் தப்பு. தம்பி பாஸ் பண்ணிப் பத்து மாசம்தான் ஆகியிருந்துச்சு.

கடைக்காரர் என்ன சொன்னார்னு கேக்குறீங்களா? "உங்க வண்டி, உங்க இன்சூரன்ஸ், உங்க பொறுப்பு." அவ்வளவுதான். அதே 143ஆம் பிரிவு, இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ஓட்ட வச்சவரையும் அனுமதிச்சவரையும் சேர்த்தே பிடிக்கும். முதலாளியோட வண்டியை வேலைக்காக ஓட்டின தொழிலாளி, இன்சூரன்ஸ் இல்லைன்னு தெரியாதுன்னு நிரூபிச்சா தப்பிக்கவும் வழி வச்சிருக்கு. சொந்த வண்டியில டெலிவரி பண்றவருக்கு அந்த வழி இல்லை. சில முதலாளிகள் கடைக்குன்னு ஒரு வண்டி வாங்காம, "கார் வச்சிருக்கிறவர் தேவை"ன்னு போர்டு மாட்டுறது சும்மாவா!

இந்த இடத்துல என் கட்சியையும் சொல்லிடறேன். இன்சூரன்ஸ் விஷயத்துல நான் சட்டத்தோட பக்கம்தான். எங்க பெரியப்பா மகன் ஊர்ல ஒரு வேன் இடிச்சு கால் போனவர். வேனுக்கு இன்சூரன்ஸ் இல்லை. ஓனர் பேர்ல ஒரு சென்ட் நிலம் கிடையாது. தீர்ப்பு சாதகமா வந்து என்ன, ஃப்ரேம் போட்டு மாட்டிக்கலாம். இங்கே 1946லேர்ந்து மோட்டார் இன்சூரர்ஸ் பீரோன்னு ஒண்ணு இருக்கு. இன்சூரன்ஸ் இல்லாதவன் இடிச்சாலும், இடிச்சுட்டு ஓடினாலும் அடிபட்டவருக்கு அது பணம் கொடுக்கும். அந்தப் பணம் ஒழுங்கா பிரீமியம் கட்டுற எல்லார் பாக்கெட்டுலேர்ந்தும் வருது. அதனால கடுமை நியாயம்தான். ஆனா பாலிசியே எடுக்காம ஊரைச் சுத்துறவனும், பாலிசியில ஒரு வார்த்தை தப்பா இருந்தவனும் ஒரே தராசுல நிக்கிறது எனக்கு இன்னும் உறுத்துது. டெலிவரி பாலிசிக்குக் கேட்டா புது லைசென்ஸ்காரருக்கு வாயில நுழையாத தொகை சொல்றாங்க, இல்லைன்னா கிடையவே கிடையாதுன்றாங்க. அதுக்கும் ஒரு வழி செஞ்சிருக்கலாம்.

நம்மவங்க மாட்டுற இன்னும் ரெண்டு இடத்தைச் சொல்லியே ஆகணும். ஒண்ணு, நண்பனோட கார். "என்கிட்ட காம்ப்ரிஹென்ஸிவ் இருக்கு, எந்தக் காரை வேணா ஓட்டலாம்"னு நினைச்சு விருந்து முடிஞ்சு சாவியை வாங்குறது. அந்த வசதி நிறைய பாலிசிகள்ல இப்போ கிடையாது. இருந்தாலும் பாலிசி எடுத்தவருக்கு மட்டும், அதுவும் மூன்றாம் நபர் சேதத்துக்கு மட்டும். இல்லாத பட்சத்துல ஓட்டினவருக்கும் ஆறு பாயிண்ட், சாவி கொடுத்த அப்பாவிக்கும் ஆறு பாயிண்ட்.

இன்னொண்ணு, தங்கச்சி கல்யாணம்னு மூணு மாசம் ஊருக்குப் போறப்ப "சும்மாதானே நிக்குது"ன்னு இன்சூரன்ஸை நிறுத்திட்டுப் போறது. 2011லேர்ந்து வண்டி சும்மா நின்னாலும் இன்சூரன்ஸ் வேணும். வேண்டாம்னா 'சார்ன்' அறிவிப்பு கொடுத்து, பொது ரோட்டுல இல்லாம சொந்த இடத்துல நிறுத்தணும். தெருவுல நிறுத்திட்டு சார்ன் கொடுக்கவே முடியாது. விட்டா நூறு பவுண்டு அபராதக் கடிதம், கோர்ட்டுக்குப் போனா ஆயிரம் வரை. வரிக்கும் இதே மாதிரி 80 பவுண்டு கடிதம் தானா வரும், சீக்கிரம் கட்டினா பாதி. எலக்ட்ரிக் கார் வச்சிருக்கிறவங்க சிரிக்காதீங்க, 2025 ஏப்ரல்லேர்ந்து உங்களுக்கும் வரி உண்டு.

எம்.ஓ.டி. போயிட்டா இன்சூரன்ஸும் தானா செத்துடும்னு ஒரு நம்பிக்கை பரவலா உண்டு. அப்படியில்லை. பாலிசி வாசகத்தைப் பொறுத்தது, பெரும்பாலும் வண்டியோட மதிப்பைக் குறைச்சுக் கொடுப்பாங்க. ஆனா எம்.ஓ.டி. இல்லாம வரி கட்ட முடியாது.

தம்பி காரை வித்துட்டார், 700 பவுண்டுக்கு. எழுத்துத் தேர்வு திரும்பவும் பாஸ் பண்ணியாச்சு. ஓட்டும் தேர்வுக்குத் தேதி கிடைக்கிறதுதான் குதிரைக்கொம்பு, கிடைச்சது அஞ்சு மாசம் தள்ளி. அந்தத் தண்டனைக் குறிப்பு லைசென்ஸ்ல நாலு வருஷம் இருக்கும், இன்சூரன்ஸ் கம்பெனிகள் அஞ்சு வருஷம் வரை கேப்பாங்க. ஒரு ஆர்வத்துல போன வாரம் விலை போட்டுப் பார்த்தார். அவர் வித்த காரைவிட ரெண்டு மடங்கு.

அவர் மனைவி இப்போ நாலரை மணிக்கு எழுந்து, ரெண்டு பஸ் மாறி வேலைக்குப் போறாங்க. ஞாயித்துக்கிழமை முதல் பஸ் ஆறு மணிக்குத்தான், அதனால அன்னிக்கு மட்டும் டாக்ஸி, 38 பவுண்டு. நான் கொண்டு விடறேன்னு சொன்னேன், வேண்டாம்னுட்டாங்க. இந்த ஞாயித்துக்கிழமையாவது சம்மதிக்கிறாங்களா பார்க்கணும்.