புரண்டு படுக்க

"டீச்சர், ராத்திரி மேல கிரீச்சு கிரீச்சுன்னு சத்தம் கேக்குதே, யாரும் வந்திருக்காகளா?"

வீட்டுக்கார அம்மா கேட்டபோது பால் பாக்கெட்டோடு மாடிப்படியில் நின்றிருந்தேன். யாரும் வரவில்லை. நான் புரண்டு படுத்திருக்கிறேன், அவ்வளவுதான். அப்படியே சொன்னேன். "சும்மாதான் கேட்டேன்" என்று சிரித்தார். அன்றிரவிலிருந்து புரண்டு படுப்பதை நிறுத்தினேன்.

மதுரையில் தனியாக வாழும் பெண்ணுக்கு வாடகை வீடு கிடைப்பது எவ்வளவு பாடு என்பது அலைந்தவர்களுக்குத் தெரியும். நான் பதினோரு வீடு ஏறி இறங்கினேன். பெண்ணுடலைப் பற்றிக் கவிதை எழுதுகிறவள், மேடையேறிப் பேசுகிறவள், நாற்பத்து நான்கு வயதில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து கிடந்தேன்.

கட்டில் இரண்டு அட்டைப் பெட்டிகளில் வந்தது. பலகைகள், ஒரு பை நிறைய போல்ட், எழுத்தே இல்லாத ஒரு படத்தாள், ஓர் அலன் கீ. அதற்கு முன் எனக்கிருந்த கட்டில் அப்பா சீராகத் தந்தது. தேக்கு. எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்தே இழைத்தார்கள். மணவாழ்க்கை முடிந்தபோது இரண்டு பெட்டியும் புத்தகங்களுமாகக் கிளம்பி வந்தேன். "கட்டிலப் போயிக் கேப்பியாத்தா, அசிங்கம்" என்றாள் அம்மா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சீதனம் பெண்ணின் சொந்தச் சொத்து, அதைத் தராமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடிக் குற்றமாகும் என்று 1985இலேயே பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு இது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. மாணவிகள் இதை இப்போதே தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

பதினைந்து நாள் மல்லாந்து கிடந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்த்தேன். தலைமாட்டைப் பிடித்து ஆட்டினால் எந்த மூட்டு வாய் பிளக்கிறது என்று கண்ணுக்கே தெரிகிறது. என் கட்டிலில் நான்கு மூலைகளில் மூன்று பிளந்தன. இதற்குப் பலகையும் ஒரு காரணம். அது மரமல்ல, மரத்தூளைப் பசையோடு சேர்த்து அழுத்தியது. போல்ட் கொஞ்சம் தளர்ந்தாலும் ஒவ்வோர் அசைவிலும் துளை அரைபட்டு அகலமாகிக்கொண்டே போகும். தளர்ந்ததை வெறுமனே முறுக்கினால் ஒரு வாரம் தாங்கும், அவ்வளவுதான்.

ஹார்டுவேர் கடைக்காரர் என் பட்டியலைப் பார்த்துவிட்டு, "எதுக்கு மேடம் சிரமம், சார வரச் சொல்லுங்க, நான் வெவரம் சொல்லி விடுறேன்" என்றார்.

"சார் இல்ல. எல் கிளாம்பு பெருசா நாலு, ஸ்பிரிங் வாஷர் எட்டு குடுங்க."

முதலில் எதிரெதிர் மூலைகளுக்கு இடையே டேப் வைத்து அளந்தேன். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால்தான் சட்டம் சதுரிப்பாக நிற்கிறது என்று பொருள். ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தது. அதாவது இத்தனை நாளும் கோணலில் படுத்திருக்கிறேன். காலால் உதைத்து நேராக்கிய பிறகே, போல்ட் தலைக்கடியில் ஸ்பிரிங் வாஷர் போட்டு இறுக்கினேன். உள்மூலை ஒவ்வொன்றிலும் ஓர் எல் கிளாம்பு. அதன் திருகாணியைப் பலகையின் அகலப் பரப்பில்தான் போட வேண்டும். விளிம்பில் போட்டால் தூள் பலகை பிளந்துகொள்ளும். திருகாணி மறுபக்கம் எட்டிப் பார்க்காத நீளம் வேண்டும், முதலில் சிறு துளையும் வேண்டும். இரண்டு இடத்தில் பிடிமானமே இல்லை. ஃபெவிகாலில் தோய்த்த தீக்குச்சிகளை மருந்து நீக்கித் துளையில் திணித்து, இரவு முழுக்க உலரவிட்டேன். அன்றிரவு தரையில் பாய். நிம்மதியாகப் புரண்டேன்.

பெரிய குறை நடுவில் இருந்தது. ஐந்தடி அகலக் கட்டிலின் நடுச்சட்டத்துக்குக் காலே இல்லை. தரைக்கும் சட்டத்துக்கும் உள்ள உயரத்தை அளந்துபோய் மரக்கடையில் ஒரு துண்டு அறுத்து வாங்கி வந்து நிறுத்தினேன். குறுக்குச் சட்டங்கள் மேலே சும்மா கிடந்தன. இரு முனையிலும் திருகினேன். மரமும் மரமும் உரசும் இடங்களில் மெழுகுவத்தியைத் தேய்த்தேன். கிரீச்சில் பாதி அங்கிருந்துதான் வந்திருக்கிறது.

வகுப்பில் நெடுநல்வாடை நடத்தும்போதெல்லாம் அரசியின் கட்டிலில் கொஞ்சம் நேரமெடுப்பேன். நாற்பது வயது யானையின் தந்தத்தில் இழைத்தது. அதன் செய்நேர்த்தியை நக்கீரர் விரிவாகச் சொல்கிறார். போருக்குப் போன கணவனை நினைத்துத் தூக்கமின்றிக் கிடக்கிறாள் அவள். தந்தக் கட்டில் ஆடியிருக்காதுதான். ஆனாலும் அவள் புரண்டிருந்தால் தோழியரும் செவிலியரும் கேட்டிருப்பார்கள்.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் ஒரு சுற்று முறுக்கிப் பார்க்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் அவசியம் பார்க்க வேண்டும்.

"சத்தத்தையே காணோமே டீச்சர்" என்றார் வீட்டுக்கார அம்மா, சத்தம் நின்றதும் ஒரு செய்தி என்பதுபோல. மேலே கூட்டிவந்து காட்டினேன். உட்கார்ந்து பார்த்தார். எழுந்து, குனிந்து நடுக்காலைத் தொட்டுப் பார்த்தார்.

"எங்களுக்கும் மகன் இதே மாதிரிதான் வாங்கிப் போட்டிருக்கான். அதுவும் ஆடத்தான் செய்யுது."

யாராவது வந்து கேட்டார்களா என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

"அந்தச் சாவிய ரெண்டு நாளைக்குத் தர்றீகளா?" என்றார். கொடுத்தேன். மாதம் இரண்டாகிறது, இன்னும் திரும்பி வரவில்லை.