பகானின் செங்கல்லும் புண்ணியக் கணக்கும்

ரங்கூனில் இரவுப் பேருந்து ஏறினால் விடியும் வேளையில் பகான் வந்துவிடும். ஐராவதி ஆறு வளையும் இடத்தில் முள்ளும் பனையும் கடலை வயலுமாகக் கிடக்கிற வறண்ட சமவெளி. அது முழுக்கச் செங்கல் கோயில்கள். சிறிதும் பெரிதுமாக 3,500-க்கும் மேற்பட்ட சின்னங்களைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். அரண்மனை எங்கே என்று கேட்டால்தான் சங்கடம். மன்னர்கள் தங்களுக்கு மரத்தில் கட்டிக்கொண்டார்கள், புத்தருக்குச் செங்கல்லில் எழுப்பினார்கள். மரம் மக்கிப்போயிற்று.

அனவ்ரதா 1044-இல் அரியணை ஏறியதிலிருந்து ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டு இங்கே கட்டுமானம் ஓயவில்லை. அரசன் முதல் வணிகன் வரை, கையில் காசு சேர்ந்தவர் கோயில் எழுப்பினார். கட்டியவரைப் ‘பாயா தகா’ என்று மரியாதையோடு அழைக்கும் வழக்கம் பர்மியரிடம் இன்றும் உண்டு. இந்தப் புண்ணியக் கணக்கில் நம்மவருக்கும் ஒரு வரவு இருக்கிறது. அருகிலுள்ள மியின்கபாவில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு வடமொழிச் சுலோகத்தில் தொடங்கித் தமிழில் தொடர்கிறது. மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்துக் குலசேகர நம்பி, இங்கிருந்த நானாதேசி விண்ணகருக்கு மண்டபம் எடுத்து, கதவு போட்டு, நிலைவிளக்கும் வைத்த செய்தி அதில் இருக்கிறது. பௌத்தத் தலைநகரில் பெருமாளுக்கு ஒரு மண்டபம்! யாரும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை.

தானம் என்றாலே தகராறும் கூட வரும்போலிருக்கிறது. 1975 நிலநடுக்கத்தில் பல கோயில்கள் நொறுங்கின. 1990-களில் இராணுவ அரசு நன்கொடை திரட்டி, இடிந்தவற்றையெல்லாம் புதுச் செங்கல்லால் எழுப்பத் தொடங்கியது. அடித்தளம் மட்டும் மிஞ்சிய இடங்களில்கூட ஊகத்தில் கோபுரம் முளைத்தது. தொல்லியலாளர்கள் கொதித்தார்கள். உலகப் பாரம்பரியப் பட்டியலில் பகான் இடம்பிடிக்க 2019 ஆயிற்று.

குடமுழுக்கு என்ற பெயரில் பழைய கற்சுவரில் மணல் பீய்ச்சி, தரைக்குப் பளபளக்கும் ஓடு பதித்ததைப் பார்த்த தமிழருக்கு இந்தச் சண்டையை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் நன்கொடையாளர்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. பழுதுபார்ப்பதும் புண்ணியம் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால், 1105 வாக்கில் கியான்சித்தா மன்னன் எழுப்பிய ஆனந்தா கோயில் இன்று வழிபாட்டோடு நின்றிருக்காது. குறை அவசரத்தில் இருந்தது. 2016 ஆகஸ்டில் 6.8 அளவில் பூமி குலுங்கியபோது, புதிதாக ஏற்றிய கோபுர நுனிகள் பல சரிந்து விழுந்தன.

இத்தனை வாதத்திலும் அதிகம் பேசப்படாதவர்கள், பழைய மதிலுக்குள் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பத்தினர். 1990-இல் அவர்களை மொத்தமாகக் கிளப்பி, தெற்கே சில கிலோமீட்டர் தள்ளிப் புதுப் பகானில் குடியேற்றினார்கள். பழைய பகானில் ஆற்றைப் பார்த்த இடம் இன்று சுற்றுலா விடுதிகளுக்கு.