தேசப்படத்தில் வெற்றிடம்

நோயை ஆராயப் புகுவோர் மூன்று வினாக்களை எழுப்புவர். யாருக்கு வந்தது? எப்பொழுது வந்தது? எங்கே வந்தது? முதலிரண்டிற்கும் வைத்தியசாலைப் பதிவேடு விடை கூறும். மூன்றாவதற்கு விடை கூற வல்லது தேசப்படமே. நம் கல்லூரி வகுப்பறையில் இலங்கைப் படத்தை வரைந்து ஆறுகளையும் குளங்களையும் குறித்துப் பழகிய நாம், பொதுச் சுகாதார ஆராய்ச்சியிற் புகுந்தபின், கணினித் திரையிற் படம் அமைக்குங் கலையைப் புதிதாகக் கற்கலானோம். அக்கல்வி நமக்கு உணர்த்திய உண்மை ஒன்றை இவ்விழா மலர் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

புவியியல் தகவல் முறைமை என்பது இக்கருவியின் பெயர். இவ்வகையில் நாம் பயின்ற கியூஜிஐஎஸ் 2002 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. எவரும் விலையின்றிப் பெறத்தக்கது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்களை மனத்திற் கொண்டால் இதன் இயல்பு விளங்கும். ஒரு தாளில் வீதிகள், ஒன்றிற் கிணறுகள், ஒன்றிற் கிராம அலுவலர் பிரிவுகளின் எல்லைகள், மேலுள்ள தாளில் நோயாளர் வீடுகள். அனைத்தையும் ஒருசேர நோக்குமிடத்துத் தனித்தனியே புலப்படாத தொடர்புகள் புலப்படும்.

எனினும் தாள்கள் பொருந்தி அமைதல் வேண்டும். கையடக்கத் தொலைபேசி காட்டும் அகலாங்கும் நெட்டாங்கும் உலகு முழுவதற்கும் பொதுவான அளவையைச் சார்ந்தவை. நம் நாட்டு நில அளவைப் படங்களோ கந்தவளையை ஆதாரமாகக் கொண்ட வேறோர் அளவையின்பாற்பட்டவை. ஒன்றை மற்றொன்றாக மாற்றாது இரண்டையும் சேர்த்தால், நோயாளியின் வீடு ஏறத்தாழ 200 மீற்றர் விலகி நிற்கும். டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு தன் வாழ்நாளிற் பெரும்பாலும் சில நூறு மீற்றருக்கு அப்பாற் பறப்பதில்லை. ஆதலால் அவ்விலகல், தேடவேண்டிய தொட்டியை விட்டு வேறோர் ஒழுங்கைக்குப் பரிசோதகரை அனுப்பிவிடும்.

அடுத்து, எண்ணிக்கை வேறு, வீதம் வேறு என்பதை அறிதல் வேண்டும். 500 பேர் வாழும் பிரிவிற் பதின்மர் நோயுறுவதும், 5,000 பேர் வாழும் பிரிவிற் பதின்மர் நோயுறுவதும் ஒன்றல்ல. நோயாளர் தொகையை மட்டும் கொண்டு நிறந்தீட்டின் இரண்டும் ஒரே நிறம் பெறும். குடித்தொகை தெரிந்தாலன்றி வீதங் காண இயலாது. 2001 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு வடக்கு, கிழக்கு மாவட்டங்கள் பலவற்றில் முற்றாக நடைபெறவில்லை. 1981 இன் பின் நாடு முழுவதையும் தழுவிய மதிப்பீடு 2012 இலேயே நிறைவேறியது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் நம் பகுதியின் நோய்வீதத்தைக் கணிக்க முயன்றோர் எத்துணை இடர்ப்பட்டிருப்பர் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இனி, நாம் கூற வந்த உண்மைக்கு வருவோம். ஒரு சுகாதாரப் பிரிவின் டெங்குப் பதிவேட்டை வைத்துப் பயின்றபொழுது, விலாசங்கள் பலவற்றைக் கணினி ஏற்க மறுத்தது. "வைரவர் கோவிலடி" என்றும் "ஆலடிச் சந்திக்குக் கிட்ட" என்றும் எழுதினால் தபாற்காரருக்கு விளங்கும், இயந்திரத்திற்கு விளங்காது. விளங்காதவற்றை அஃது ஒதுக்கிவிடும். அவ்வாறு ஒதுக்கப்படுவோர் யாவர்? வீட்டிலக்கமும் வீதிப் பெயரும் உடையோர் அல்லர். புதுக் குடியேற்றங்களில் வாழ்வோர், கரையோரத்தில் வாடி அமைத்துத் தங்குங் கடற்றொழிலாளர், வேலை தேடி வந்து வாடகை அறையில் இருப்போர் ஆகியோரே. அவர் வாழுமிடம் படத்தில் வெண்மையாய்க் கிடக்கும். பார்ப்போர் அவ்விடத்தில் நோயில்லை என்பர். புகையடிக்கும் இயந்திரமும் பரிசோதகரும் நிறந்தீட்டிய இடங்களுக்கே செல்வர்.

ஆகவே ஒதுக்கப்பட்ட விலாசங்களை ஏட்டிற் குறித்துக்கொண்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவரோடு சைக்கிளிற் புறப்பட்டோம். கணினி அறியாத வீட்டைச் சந்திக் கடைக்காரர் இருந்த இடத்திலிருந்தே காட்டிவிட்டார். அவ்வீட்டிலிருந்த மூதாட்டியார், "தம்பியவை, பொடியன் காய்ச்சலோடைதான் இங்கை வந்தவன். அதுக்கு முதல் இரண்டு கிழமை மாமன் வீட்டிலையெல்லோ நிண்டவன்" என்றார். வீடு அகப்பட்டது, ஆயின் நுளம்பு கடித்த இடம் அவ்வீடன்று என்பதும் அவர் வாயிலாகவே விளங்கிற்று.

இத்துறையின் முன்னோடியான ஜோன் ஸ்னோ என்னும் வைத்தியரும் இவ்வாறே நடந்து திரிந்தவர். 1854 ஆம் ஆண்டில் இலண்டனின் சோகோப் பகுதியில் வாந்திபேதியால் இறந்தோரை அவர் படத்திற் குறித்தார். இறப்புகள் புறோட் வீதியின் நீரிறைக்குங் குழாயைச் சூழ்ந்திருந்தமையை யாவரும் எடுத்துக் கூறுவர். நம்மைக் கவர்ந்ததோ அவர் வெற்றிடங்களை விசாரித்த முறையாம். அருகே 535 பேர் தங்கியிருந்த வறியோர் விடுதியில் ஐவரே இறந்தனர். அவ்விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. பியர் செய்யுஞ் சாலையில் வேலைசெய்த எழுபதுக்கு மேற்பட்டோரில் எவரும் அந்நோயால் இறக்கவில்லை; அவர்கள் அக்குழாய் நீரை அருந்தவில்லை. தொலைவில் ஹாம்ஸ்ரெட்டில் இறந்த மூதாட்டி ஒருவரோ, அக்குழாய் நீரை விரும்பி நாள்தோறும் வருவித்து அருந்தியவர். வெற்றிடத்தையும் தனிப்புள்ளியையும் விசாரித்தமையாலேயே அவர் கூற்று வலுப்பெற்றது.

வெற்றிடத்தைத் தவறாகப் பொருள்கொண்டதன் பயனை நம் நாடும் அனுபவித்துள்ளது. 1963 ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேரே. நோய் அற்றுவிட்டதெனக் கருதி மருந்து தெளித்தலை நிறுத்தினர்; கண்காணிப்பும் தளர்ந்தது. அப்பத்தாண்டு முடியுமுன் இலட்சக்கணக்கானோர் மீண்டும் அந்நோய்க்கு ஆளாயினர். பிற்காலத்தாரோ அப்பாடத்தை நன்கு கற்றனர். 2012 அக்டோபரின் பின் உள்நாட்டிலே தொற்றிய நோயாளி எவரும் காணப்படாதபோதும், இரத்தப் பரிசோதனையைக் கைவிடாது தேடினர். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. 1963 இன் வெண்மையும் 2016 இன் வெண்மையும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றே. பின்னையது தேடிக் கண்ட வெண்மை.

ஆதலின், இக்கருவியைக் கற்க விரும்பும் இளைஞர்க்கு நாம் கூறுவது இது: படம் முற்றுப்பெற்றதும் நிறந்தீட்டிய இடங்களை நோக்குமுன் நிறமற்ற இடங்களை நோக்குங்கள். அங்கே நோயில்லையா, அன்றி நோயாளியைத் தேடிச் சென்றோர் இல்லையா என்று வினவுங்கள். விடை திரையில் இராது, ஒழுங்கையிலே இருக்கும்.